நாற்பது பலூன்

பதினேழாவது பலூனின் கழுத்தை முறுக்கி முடிச்சுப் போடும்போது சுகந்திக்குத் தலை கிர்ரென்று சுற்றியது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணுக்குள்ளும் பலூன்தான், சிவப்பும் மஞ்சளுமாக. இன்னும் இருபத்துமூன்று. மணி மூன்றே முக்கால். ஐந்தரைக்குப் பிள்ளைகள் வந்துவிடும். வந்த முதல் நிமிஷத்திலேயே ஒன்று தாகம் என்னும், ஒன்று பாத்ரூம் என்னும், மிச்சமெல்லாம் பலூனை உடைக்கும். உடைக்கட்டும். உடைப்பதற்குத்தானே இங்கே ஒருத்தி உயிரைக் கொடுத்து ஊதிக்கொண்டிருக்கிறாள். பம்ப் இருந்தால் அரைமணி நேர வேலை. பம்ப் இல்லாமல் என்ன, இருக்கிறது. நீலமும் வெள்ளையுமாக, கைப்பிடியில் மார்க்கர் பேனாவால் 'சுகந்தி' என்று எழுதிய அவளுடைய சொந்தப் பம்ப், இதே கட்டடத்தில், முதல் மாடியில், நாலாம் நம்பர் வீட்டில், ஹேமாவிடம் பிப்ரவரி மாதத்திலிருந்து இருக்கிறது. இறங்கிப் போய்க் கதவைத் தட்டி 'என் பம்பைக் குடுங்க' என்றால் ஆயிற்று. அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். மற்றப் பதினோரு வீட்டுக்காரர்களும் வருஷம் முழுக்க ஓசியில் எடுத்துப்போன பம்ப், அதன் சொந்தக்காரி மட்டும் வாயால் ஊதுகிறாள். மூச்சு போனாலும் போகட்டும், அந்த வாசலை மிதிப்பதாக இல்லை. பதினெட்டு. உதட்டில் பலூன் பவுடர் ஒட்டிக் கசந்தது.

மகள் மிதுனாவின் பிறந்தநாளுக்குப் பத்து வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லியாயிற்று. கட்டடத்தின் பன்னிரண்டு வீட்டில் தன் வீட்டைக் கழித்தால் பதினொன்று, நாலாம் நம்பரைக் கழித்தால் பத்து. படியில் இறங்கும்போது முதல் மாடியில் மட்டும் வேகத்தைக் கூட்டி, மூன்றாம் நம்பரில் சொல்லி, நாலாம் நம்பர் கதவைக் கண்ணால்கூடத் தொடாமல், கீழே போய்விட்டாள். அது புதன்கிழமை. அன்று ராத்திரி சாப்பிடும்போது மிதுனா கேட்டாள், "ரோஷிகிட்ட சொல்லிட்டியாம்மா?" என்று. ரோஷி என்றால் ஹேமாவின் பெண் ரோஷிணி. "சொல்லாம இருப்பேனா?" என்றாள் இவள். பொய்யில்லை அது. யோசித்துப் பார்த்தால் பொய்யே இல்லை, ஒரு கேள்வி கேட்டாள், அவ்வளவுதான். கேள்விக்குப் பதிலை மிதுனாவே வைத்துக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து அந்த ஒற்றைக் கேள்வி தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. "நானே போய்ச் சொல்லட்டா?" என்றும் கேட்டாள் பிள்ளை. "இதெல்லாம் பெரியவங்க சொல்ற விஷயம், ஒனக்கு இப்பத்தான் காய்ச்சல் விட்ருக்கு, கீழ எறங்காத." காய்ச்சல் உண்மைதான். பத்து நாளாக அவளைக் கார் நிறுத்தும் இடத்துக்கு விளையாட அனுப்பவில்லை. காய்ச்சல் விட்டு ஐந்து நாளாயிற்று என்பதும் உண்மைதான். அந்த ஐந்து நாளைப் பற்றி நினைக்கக் கூடாது. பத்தொன்பதாவது பலூன் பச்சை. ஊதினாள்.

கையிறுக்கம். அந்த வார்த்தை மறுபடி வந்துவிட்டது. ஒவ்வொரு பலூனுக்கும் ஒரு தடவை வருகிறது. பாத்திரம் தேய்க்கும்போதும் வருகிறது, தூக்கம் பிடிக்கும் நேரத்திலும் வருகிறது. முதன்முதலில் ரோஷிணியின் பிறந்தநாள் அன்று வந்தது. யார் திட்டம் போட்டது அந்தப் பிறந்தநாளுக்கு? சுகந்தி. சும்மா சொல்லவில்லை, அவளிடம் ஒரு நோட்டே இருக்கிறது. இந்தக் கட்டடத்தில் மூன்று வருஷத்தில் பதினோரு பிள்ளைகளுக்கு அவள்தான் எல்லாம் செய்தாள். ஹால் வாடகை கிடையாது, மொட்டைமாடி. தொப்பி கடையில் வாங்குவதில்லை, பழைய பேப்பரில் கிரீடம், அதைப் பிள்ளைகளே மடித்து வண்ணம் அடித்துக்கொள்ளும், அதுவே அரைமணி நேர விளையாட்டு. ஒளித்து வைத்த துண்டுச் சீட்டுகளைத் தேடிப் போகும் புதையல் வேட்டை. சிப்ஸுக்குப் பதில் மாங்காய் போட்ட சுண்டல், கலர் பானத்துக்குப் பதில் நன்னாரி சர்பத். வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பும் ரிட்டர்ன் கிஃப்ட்டும் பிளாஸ்டிக் குப்பை இல்லை, தேநீர்க் கோப்பையில் முளைவிட்ட தக்காளி நாற்று, ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர். பெயர் எழுதுவதில் ஒரு சூட்சுமம் உண்டு, கூட ஒட்டிக்கொண்டு வரும் அத்தை பிள்ளை சித்தி பிள்ளை யாரும் கை நீட்ட முடியாது. பிள்ளைகள் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அழுதிருக்கின்றன. அழட்டும் என்று ரசித்திருக்கிறாள். மேஜிக் ஷோவும் பாட்டுப் பெட்டியும் வைத்த எட்டாம் நம்பர் வீட்டு விழாவில் ஒரு பிள்ளை அழுததா? எல்லாம் மூலைக்கு மூலை ஃபோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. பிப்ரவரியில், ரோஷிணியின் பிறந்தநாளன்று, சுகந்தி ஹேமா வீட்டில் எலுமிச்சை நறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். சமையலறைத் திரைக்கு அந்தப் பக்கம் ஹேமாவின் அண்ணி, பட்டுப்புடவைக்காரி, கேட்டாள், "என்ன ஹேமா, ஒரு சிப்ஸ்கூட இல்ல, சுண்டல் போட்ருக்க, நவராத்திரியா?" எல்லாரும் சிரித்தார்கள். ஹேமாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், "எங்க பிளானிங் மேடம் கொஞ்சம் கையிறுக்கம்." அவ்வளவுதான். சுண்டல் வைக்கலாம் என்று குதித்தவளே அவள். 'சூப்பர் ஐடியா சுகந்தி' என்று கன்னத்தைக் கிள்ளியவளே அவள். கத்தி விரலில் பட்டது, எலுமிச்சைச் சாறு எரிந்தது. அந்த எரிச்சலோடு சர்பத் கரைத்து, புதையல் வேட்டை நடத்தி, முப்பது பிள்ளைகளுக்குக் கிரீடம் ஒட்டி, எல்லாம் முடித்து, பம்பைக்கூட எடுக்காமல் மேலே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு பேச்சில்லை. ஹேமா இரண்டு தடவை ஃபோன் செய்தாள். "என்ன சுகந்தி, ஏதும் கோவமா?" "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லையே." இன்னதுக்குத்தான் கோபம் என்று சொல்லிவிட்டால் அவள் ஸாரி கேட்டுவிடுவாள். கேட்டுவிட்டால் அப்புறம் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? இருபத்துமூன்று. மூச்சு வாங்கியது.

கையிறுக்கமாம். ஹேமாவுக்கு என்ன தெரியும். ஆறாம் வகுப்பில் கூடப் படித்த ஒருத்தி, தாம்பரத்தில் மாடி வீடு, பிறந்தநாளுக்குக் கூப்பிட்டாள். சுகந்தியின் அப்பா ஒரு சோப்பு டப்பா வாங்கி வந்தார். சுற்றிக் கொடுக்கக் கலர் பேப்பர் இல்லை. போன வருஷ காலண்டரின் பெரிய தாளைத் திருப்பி, வழவழவென்று இருந்த வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி, பசை தடவிச் சுற்றினார். எவ்வளவு அழகாக இருந்தது. பஸ்ஸில் மடியில் வைத்து, கசங்காமல் கொண்டுபோனாள். அந்த வீட்டில் குழல் விளக்கு. அந்த வெளிச்சத்தில் வெள்ளைத் தாளுக்குள்ளிருந்து முருகன் தெரிந்தார், வேலும் மயிலும் இடம் மாறி. அந்தப் பெண்ணின் மாமா டப்பாவைத் தூக்கிப் பிடித்து, "முருகன் கோவிச்சுக்கிட்டுத் திரும்பி உக்காந்துட்டாரு" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. கேக் கொடுத்தார்கள். தின்றாள், நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவமானம், நன்றாக இருந்தது. அன்றைக்கே முடிவு செய்திருக்க வேண்டும், எவளுடைய பிறந்தநாளுக்கும் போவதில்லை என்று. அதை விட்டுவிட்டு ஊரார் பிள்ளைக்கெல்லாம் கிரீடம் ஒட்டுகிறாள். யாரும் சிரிக்காத மாதிரி, எல்லார் பரிசும் ஒரே மாதிரி இருக்கிற மாதிரி, பழைய பேப்பரில் சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்று அழைப்பிலேயே எழுதுகிறாள். யாருக்காவது புரிந்ததா அது எதற்கு என்று? சிக்கனம் என்றார்கள். சுற்றுச்சூழல் என்றாள் ஒருத்தி. ஹேமா மட்டும் ஒரு தடவை, துணி காயப்போடும்போது, "சின்ன வயசுல ஏதாச்சும் நடந்துச்சா சுகந்தி?" என்று கேட்டாள். சே, இவள் எதற்கு இங்கே வருகிறாள். போன வருஷம் மிதுனாவுக்கு டெங்கு வந்தபோது ஆறு நாள் எவர்சில்வர் தம்ளரில் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, நின்று பேசிக்கூடத் தொந்தரவு செய்யாமல் போனாளே, அதையும் இப்போது எதற்கு நினைக்க வேண்டும். கஞ்சி கொடுத்தால் கையிறுக்கம் என்று சொல்லிவிடலாமா? இருபத்தெட்டு, டப்பென்று வெடித்தது. முகத்தில் ரப்பர் அடித்தது. திரும்ப இருபத்தேழு.

ஃபோன் அடித்தது. கணவன் குமரவேல், பேக்கரியிலிருந்து. "கேக்ல மெழுகுவத்தி அவங்களே குடுப்பாங்களாம், எட்டு போதும்ல? அப்பறம், கத்தி வேணுமான்னு கேக்கறாங்க." எட்டு வயசுப் பிள்ளைக்கு எட்டு போதுமா என்று ஃபோன் போட்டுக் கேட்கும் மனுஷன். "போதும். வீட்ல கத்தி இருக்கு. அஞ்சேகாலுக்குள்ள வந்து சேருங்க." வைத்துவிட்டாள். அவன் மேல் கோபம் என்று தனியாக ஒன்றும் இல்லை, இன்றைக்கு எல்லார் மேலும்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே நாள், இதே நேரம், இந்த ரப்பர் வாடைதான். பிரசவ வார்டில் நர்ஸ் கையுறையை மாட்டிக்கொண்டே, "கத்தாதம்மா, கத்துனா மூச்சு வீணாப்போவும், மூச்சப் புடிச்சு முக்கு" என்றாள். அன்றும் மூச்சுதான் கேட்டார்கள், இன்றும் மூச்சுதான். கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். முப்பத்தொன்று. பத்து வீட்டில் எத்தனை வரும்? ஒன்பதாம் நம்பர்காரி 'பார்க்கலாம்' என்றாள். பார்க்கலாம் என்றால் வரமாட்டார்கள். ஒருவரும் வராமல், இத்தனை பலூனுக்கு நடுவில் மிதுனா மட்டும் கிரீடம் வைத்துக்கொண்டு நின்றால்? கீழே நாலாம் நம்பரில் ஹேமாவுக்கு அது தெரிந்தால்? இரண்டாவது பயம்தான் பெரியதாக இருந்தது. அது எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தேதான் அடுத்த பலூனை எடுத்தாள்.

ஐந்து மணிக்கு மிதுனா மேலே வந்தாள். ஊதா கவுன், தலையில் தானே மடித்த பேப்பர் கிரீடம். பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்கா சுண்டல் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். "என்னடி இது, வாயாலயா ஊதுன? மொகமெல்லாம் செவந்து கெடக்கு. பம்ப் எங்க?" என்றார். "ரிப்பேரு" என்றாள் சுகந்தி. மிதுனா நிமிர்ந்து பார்த்தாள். பம்ப் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். நாற்று வைத்திருந்த தட்டுக்குப் போனாள். ஒவ்வொரு கோப்பையாகப் பெயர் படித்தாள். கடைசிவரை படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். "அம்மா, ரோஷி பேரு இல்ல." "எழுதணும், பேனா கீழ இருக்கு." "ரோஷி வந்தப்பறம்தான் கேக் வெட்டுவேன்" என்றாள் மிதுனா. அடம் இல்லை அது, அழுகை இல்லை. கட்டடத்தில் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். முப்பத்தெட்டு பலூன் முடிந்திருந்தது. இரண்டு பாக்கி. சுகந்தி எழுந்தாள். "இரு, வர்றேன்."

மூன்று மாடி. இறங்க இறங்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஹேமா, மறந்தே போச்சு பாருங்க, ரோஷிய அனுப்புங்க. வேண்டாம், மறந்துபோச்சு என்றால் யார் நம்புவது. ஹேமா, வேலை மேல வேலை, நேர்ல வந்து கூப்பிடணும்னுதான் இருந்தேன். இது பரவாயில்லை. குரல் கொஞ்சம் அலட்சியமாக இருக்க வேண்டும், கெஞ்சுகிற மாதிரி வந்துவிடக் கூடாது. பம்ப் கேட்க வந்த மாதிரி போய், போகிற போக்கில், 'அப்படியே ரோஷியையும் அனுப்பிருங்க' என்றால்? அது நன்றாக இருந்தது. அதில் தோல்வி இல்லை. பம்ப் அவளுடையது, கேட்க உரிமை உண்டு, ரோஷி அதோடு ஒட்டிக்கொண்டு வருவாள். அப்படியே ரோஷியையும் அனுப்பிருங்க. அப்படியே ரோஷியையும். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கையிறுக்கம் வந்தது. அதைத் தள்ளிவிட்டு, அப்படியே ரோஷியையும், என்று இறங்கினாள். மணியை அழுத்தினாள்.

கதவு உடனே திறந்தது. கதவுக்குப் பின்னாலேயே காத்திருந்த மாதிரி. ஹேமா தலை வாரிப் பூ வைத்து, வெளியே போகிறவர்கள் கட்டும் புடவை கட்டியிருந்தாள். "வாங்க சுகந்தி, உள்ள வாங்க" என்று முகமெல்லாம் மலர்ந்து கதவை முழுக்கத் திறந்தாள். அவள் பின்னால் ரோஷிணி, மஞ்சள் கவுன், வெள்ளை ஷூ, கையில் ஒரு பொட்டலம். பழைய பேப்பரில் சுற்றிய பொட்டலம். சுற்றும் முறைகூட சுகந்தி சொல்லிக்கொடுத்த முறைதான், ஓரம் உள்ளே மடித்து, நூல் கட்டி. பூ வைத்துக்கொண்டிருக்கிறாள். கூப்பிடாமலேயே பூ வைத்து உட்கார்ந்திருக்கிறாள். நான் வந்து கூப்பிடுவேன் என்று அவ்வளவு நிச்சயமா இவளுக்கு? நான் இறங்கி வந்து கெஞ்சுவேன் என்று எத்தனை நாளாகத் தெரியும்? எல்லாம் ஒரே நொடியில் சுகந்தியின் தலையில் ஏறியது. "பம்ப் வேணும்" என்றாள். ஹேமாவின் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அந்தச் சிரிப்புக்குள்ளே ஆள் இல்லை. "பம்ப்பா... இருங்க, எடுத்து வெச்சிருக்கேன்." துடைத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஷூ ஸ்டாண்டின் மேலேயே வைத்திருந்தாள். எடுத்து நீட்டினாள். "அன்னிக்கே குடுத்தனுப்பிருக்கணும்." "பரவால்ல." "மிதுக்கு இன்னிக்குப் பொறந்தநாள்ல." "ஆமா." இப்போது சொல்ல வேண்டும். அப்படியே ரோஷியையும். வாய் திறந்தது. ரோஷிணி ஒரு அடி முன்னால் வந்தாள். ஹேமா சுகந்தியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், கேட்டுவிடு, கேட்டுவிடு என்று. அந்தப் பார்வைதான் பிடிக்கவில்லை. "டைமாச்சு, வர்றேன்" என்றாள் சுகந்தி. படியேறும்போது கதவு சாத்தும் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தாள். மூன்றாம் மாடி போகும்வரை கேட்கவே இல்லை.

மொட்டைமாடியில் பிள்ளைகள் வந்துவிட்டிருந்தன. ஒன்பதாம் நம்பர்கூட வந்திருந்தது. குமரவேல் கேக்கை மேஜையில் வைத்து, பெட்டியின் கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தான். கட்டித் தொங்கவிடாத பலூன்கள் காற்றில் உருண்டன, பிள்ளைகள் கத்தின, எல்லாம் நோட்டில் எழுதியபடியே நடந்தது. மிதுனா பம்பைப் பார்த்தாள். பிறகு அம்மாவுக்குப் பின்னால், படிக்கட்டு வாசலைப் பார்த்தாள். "ரோஷி?" சுகந்தி பம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். "அவளுக்குக் காய்ச்சலாம். ஒனக்கு வந்துச்சே, அதே மாதிரி. படுத்திருக்கா பாவம்." எவ்வளவு சரளமாக வருகிறது. இதில் கேள்வி இல்லை, இது சுத்தமான பொய். மிதுனா தலையை ஆட்டினாள். ஜெசிந்தா அக்கா, "அய்யோ, புள்ளைக்குக் காய்ச்சலா, ஏசப்பா" என்றார். மிதுனா மெதுவாக நடந்து கைப்பிடிச் சுவருக்குப் போனாள். கால் பெருவிரலில் எக்கிக் கீழே பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். சுகந்தியும் போய் எட்டிப் பார்த்தாள். கீழே, கார்களுக்கு நடுவில் இருந்த சின்ன இடத்தில், மஞ்சள் கவுனும் வெள்ளை ஷூவுமாக ரோஷிணி சைக்கிளில் ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். முன்கூடையில் அந்தப் பொட்டலம் இருந்தது. மிதுனா திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் சுகந்திக்குத் தெரிந்திருக்கும், அது அவளுக்குப் பழக்கமான சாமான். "அம்மா," என்றாள் மிதுனா, எல்லாருக்கும் கேட்கும்படி, "ரோஷிக்குக் காய்ச்சல் சரியாயிருச்சும்மா."

கூப்பிட்டிருக்கலாம். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து 'ரோஷீ' என்று ஒரு குரல். ஆனால் முதல் மாடி பால்கனியில் ஹேமா நின்றிருந்தாள், அவளும் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் கொடுத்தால் அவள்தான் முதலில் நிமிர்ந்து பார்ப்பாள். "நேரமாச்சு, கேக் வெட்டு மிது. எல்லாரும் வெயிட் பண்றாங்கல்ல" என்றாள் சுகந்தி. அடம் பிடிப்பாள் என்று நினைத்தாள். பிடித்திருந்தால் ஒரு அதட்டு போட்டிருக்கலாம், அதட்டினால் தனக்கும் கொஞ்சம் மனசு ஆறியிருக்கும். மிதுனா மறுபேச்சில்லாமல் வந்து மேஜை முன்னால் நின்றாள். எட்டு மெழுகுவத்தியையும் ஒரே மூச்சில் அணைத்தாள். பாட்டுப் பாடினார்கள். கத்தியால் ஒரு முக்கோணத் துண்டு வெட்டினாள், நேராக, சிந்தாமல். முதல் துண்டு அம்மாவுக்கு. எல்லா வீட்டிலும் அப்படித்தான், நோட்டில்கூட எழுதியிருக்கிறது, 'முதல் துண்டு அம்மா, ஃபோட்டோ'. ஜெசிந்தா அக்கா ஃபோனைத் தூக்கிப் பிடித்தார். "சுகந்தி, வாயத் தொற, இந்தப் பக்கம் பாரு." சுகந்தி குனிந்து வாயைத் திறந்தாள். மிதுனா துண்டைக் காகிதத் தட்டில் வைத்தாள். ஒரு கையால் தட்டைப் பிடித்து, காற்றில் பறக்காமல் இன்னொரு கையால் மேலே பொத்திக்கொண்டு, அம்மாவைத் தாண்டி, பலூன்களை விலக்கிக்கொண்டு, படிக்கட்டில் இறங்கினாள். ஃபோன் கிளிக் என்றது. பிள்ளைகள் சத்தம் நின்றுபோய், செருப்பில்லாத சின்னக் கால்கள் ஒவ்வொரு படியாக இறங்குவது மட்டும் கேட்டது, மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி, முதல் மாடி. அது கீழே போய்ச் சேரும்வரை சுகந்தி வாயை மூடவில்லை.